ஒருவருக்கும் இல்லாத கதிரை

எங்கள் குளியல் தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்வீட்டு முகட்டால் ஒழுகிய அன்றுதான் நவீனக் கலை எனக்கு நேரில் அறிமுகமானது. அதற்கு முன்பு நான் அதைப் பற்றிக் கட்டுரை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். சர்வாதிகார ஆட்சிகளில் புதுமைக் கலைஞர்கள் எப்படி எதிர்ப்புக் காட்டினார்கள் என்று எங்கள் இலக்கிய வட்டத்தின் காலாண்டிதழில் மூன்று பகுதிகளாக எழுதியிருக்கிறேன். முதல் பகுதியை அச்சுப்பிழை திருத்தியவர் வாசித்தார். மற்ற இரண்டையும் அவரும் வாசிக்கவில்லை என்பது இதழைப் பார்த்ததும் தெரிந்தது.

இரண்டாயிரத்துக்குப் பின்வந்த ஆரம்ப ஆண்டுகள் அவை. ஊரில் யுத்த நிறுத்தம். லண்டன் தமிழர்கள் கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய், நன்றாகக் கறுத்து, ஆளுக்கொரு அபிப்பிராயத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். விமானச் சீட்டுக்கு வசதியில்லாத நாங்கள் ரெய்னர்ஸ் லேனில், கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தபடி அந்த அபிப்பிராயங்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கீழே முதலாம் மாடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தனியாக வாழ்ந்தார். படிக்கட்டில் கண்டால் தலையாட்டுவார். நானும் ஆட்டுவேன். லண்டனில் அதற்குப் பெயர் நெருங்கிய அயலவர்.

தண்ணீர் ஒழுகிய அன்று மனைவி என் கையில் ஒரு டப்பா முறுக்கைத் தந்து, "போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்கோ. கட்டுரை ஒண்டும் சொல்லாதேங்கோ" என்று கீழே அனுப்பினாள்.

கிழவர் கதவைத் திறந்தார். சமையலறை நடுவில் ஒரு சட்டி, அதில் சொட்டுச் சொட்டாக எங்கள் வீட்டுத் தண்ணீர். நான் ஆங்கிலத்தில் தயாரித்துக்கொண்டு போயிருந்த மன்னிப்பைத் தொடங்குமுன் அவர் கையை உயர்த்தினார்.

"எங்கள் நாட்டில் மேலேயிருந்து ஒழுகினால் சந்தோஷப்படுவோம். மேல்வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம்."

அவருடைய நாடு கிழக்கு ஐரோப்பாவில் இருந்தது. இறந்தகாலத்தில்தான் சொல்ல வேண்டும். அந்த நாடு இப்போது வரைபடத்தில் இல்லை. "அது போய்விட்டது, நான் இருக்கிறேன். இது நான் திட்டமிட்டுச் செய்த படைப்பு அல்ல" என்றார். என்ன படைப்பு என்று கேட்டேன். பால் இல்லாத தேநீர் ஒன்றை ஊற்றி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். சட்டி நிரம்ப நிரம்ப நான் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டேன்.

அவரும் நண்பர்களும் அந்த ஆட்சியில் தடைசெய்யப்பட்ட கலைஞர்கள். காட்சிக்கூடம் கிடையாது, வீட்டுச் சமையலறைகளில்தான் எல்லாம். 'சூப் குடிக்க வா' என்று சொன்னால் கண்காட்சி என்று பொருள். அரசாங்கக் கட்டடங்களுக்கு அடிக்கும் சாம்பல் நிறப் பெயின்றை மட்டும்தான் திருட முடிந்தது என்பதால் ஒரு நண்பர் முழுப் படங்களையும் அதிலேயே தீட்டினார். சுவரும் அதே பெயின்ற். மாட்டினால் படம் தெரியாது. சோதனைக்கு வந்த பொலீஸார் படங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, படங்கள் எங்கே என்று கேட்டார்களாம். இன்னொருவர் தேசிய கீதத்தைச் சீட்டியடிப்பார். நாளுக்கு ஒரு ஸ்வரம். காலையில் ரொட்டிக் கடையில் பாண் வாங்கும் வரிசையில் நின்று அன்றைய ஸ்வரத்தை மட்டும் அடித்துவிட்டுப் போய்விடுவார். பின்தொடர்ந்த உளவாளிக்கு அதில் என்ன குற்றம் என்று எழுதத் தெரியவில்லை. கீதம் முடிய ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. கடைசி ஸ்வரத்தன்று வரிசையில் நின்ற எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். உளவாளியும் கழற்றினான்.

மூன்று பகுதிகளாக எழுதிய நான் இதில் ஒரு வரியையும் அறிந்திருக்கவில்லை.

"உங்களுடைய படைப்பு?" என்றேன்.

அவர் தேநீர் மேசைக்கு மற்றப் பக்கத்தில் இருந்த மரக்கதிரையைக் காட்டினார்.

அந்த நாட்டில் ஒவ்வொரு மண்டபத்திலும், தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில்கூட, முன்னால் ஒரு கதிரை போட்டிருக்குமாம். சிவப்புத் துணி விரித்திருக்கும். பெருந்தலைவர் ஒருவேளை வந்தால் அமர்வதற்கு. அவர் ஒருநாளும் வரவில்லை. ஆனாலும் நிகழ்ச்சி தொடங்குமுன் எல்லோரும் எழுந்து நின்று அந்தக் கதிரைக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அதற்கு எதிராகத்தான் கிழவர் தன் சமையலறையில் ஒரு கதிரையைப் போட்டார். துணி கிடையாது. பெருந்தலைவருக்கு அல்ல, விருந்தாளிக்கு அல்ல, ஒருவருக்கும் அல்ல. வந்தவர்கள் தரையிலும் கட்டில் விளிம்பிலும் இருந்து அதை அரை மணித்தியாலம் பார்க்க வேண்டும். முட்டை அவிக்கும்போது வைக்கிற மணியைத் திருகி வைப்பார். மணி அடித்ததும் படைப்பு முடிந்தது. அவ்வளவுதான்.

"அவ்வளவுதானா?" என்றேன், விமர்சகன் என்ற முறையில்.

"அவ்வளவும் ஒருநாளும் நடக்கவில்லை" என்றார்.

முதல் தடவை, பாதியில் கதவைத் தட்டிக்கொண்டு வந்த பொலீஸ் அதிகாரிக்குப் பருத்த உடம்பு, நான்கு மாடி ஏறி வந்தவர். வந்த வேகத்தில் அதில் விழுந்து மூச்சு வாங்கினார். அடுத்த தடவை அவர்களுடைய கூட்டத்திலேயே ஒருவர், நல்ல கவிஞர், அமர்ந்துவிட்டார். பிற்காலத்தில் அவர்தான் உளவு சொன்னவர் என்று தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அவர் உண்மையாகவே களைத்திருந்தார் என்று கிழவர் இப்போதும் வாதாடுவார். லண்டனுக்கு வந்த பிறகு ஒரு கலைக் கல்லூரியில் செய்து காட்டச் சொன்னார்கள். சுதந்திர நாடு, தடுக்க ஆளில்லை. பத்து நிமிடத்தில் ஒரு பெண் எழுந்து தன் மழைக்கோட்டை அதில் போட்டாள். ஏற்பாட்டாளர் அதை 'அழகான குறுக்கீடு' என்று பாராட்டினார்.

"எனக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒரே ஒரு தடவை மணி அடிக்கும்வரை அது வெறுமையாக இருந்தால் போதும்."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு முறுக்கைச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் நான் ஓர் இலக்கிய வட்டத்தின் செயலாளர். செயலாளருக்கு மண்டபம் இருக்கிறது, மாதம் ஒரு கூட்டம் இருக்கிறது, கூட்டத்தில் பேச ஆள் இல்லை. "எங்களிடம் செய்யுங்கள்" என்றேன். "கதிரையில் உட்காராமல் இருப்பதில் எங்கள் சனத்தை மிஞ்ச ஆளில்லை. முன்வரிசையில் இருத்த நாங்கள் மைக்கில் கெஞ்ச வேண்டும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு பின்வாங்க வழியில்லை.

செயற்குழு எங்கள் வட்டத் தலைவரின் வீட்டில் கூடியது. தலைவர் ஊரில் கணித ஆசிரியர், லண்டனில் பெற்றோல் நிலைய முகாமையாளர். இரண்டு இடத்திலும் அவரிடம் எதிர்க்கேள்வி கேட்டவர் இல்லை. பொருளாளர் மலேசியாக்காரர், எழுபதுகளில் கணக்கியல் படிக்க வந்து, படித்து, அப்படியே இருந்துவிட்டவர். நான் திட்டத்தை விளக்கினேன்.

"கதிரையில ஆர் இருக்கிறது?" என்றார் தலைவர்.

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஆர் பேசுறது?"

"ஒருத்தரும் பேசுறேல்லை, அண்ணை."

"அரை மணித்தியாலம்?"

"ஓம்."

பொருளாளர்தான் உதவிக்கு வந்தார். "நல்லதுதான் லா. போன மாசம் ரெண்டு மணி நேரம் பேசினாங்க, ஒண்ணும் மண்டையில ஏறல. இது அரை மணியில முடிஞ்சிடும். பேச்சாளருக்குப் பெட்ரோல் காசும் கிடையாது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விடயம் பாரதூரமானது.

"தம்பி, இஞ்சை பாரும். முன்னுக்கு ஒரு வெறுங்கதிரை போட்டா சனம் கேக்கும். உது ஆருக்கு எண்டு கேக்கும். இவைக்கெண்டு போட்டதெண்டு அவை நினைப்பினம். அவைக்கெண்டு போட்டதெண்டு இவை நினைப்பினம். பிறகு எனக்குத்தான் போன் வரும்."

"ஒருத்தருக்கும் இல்லை எண்டு மைக்கில சொல்லுவம்."

"ஐயோ, அது அதைவிடப் பிழை! ஒருத்தரும் இல்லை எண்டு சொல்ல நீர் ஆர் எண்டு கேப்பினம்."

அவர் பயம் வேடிக்கையானதல்ல. அந்த நாட்களில், ஊர் அரசியலில் யார் எந்தப் பக்கம் என்று அறிய, லண்டனில் ஒரு தமிழ்க் கூட்டத்தில் யார் பேசினார்கள் என்பதைவிட யாருக்குக் கைதட்டவில்லை என்பது கூர்ந்து பார்க்கப்பட்டது. ஆனால் பார்த்தால், அந்த மறைந்துபோன நாட்டின் பொலீஸார் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை எங்கள் தலைவர் பெற்றோல் நிலையச் சீருடையோடு கேட்டுக்கொண்டிருந்தார். இதை அவரிடம் சொல்லவில்லை. நான் கட்டுரையில் மட்டும்தான் வீரன்.

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. வழக்கம்போல மங்கல விளக்கு, வரவேற்புரை, அதிதிக்குப் பொன்னாடை, நன்றியுரை எல்லாம் இருக்கும். நடுவில் அரை மணித்தியாலம் கிழவருக்கு. நிகழ்ச்சி நிரலில் 'வெள்ளையர் ஒருவரின் அமைதி நிகழ்வு' என்று போடுவது. அமைதிக்கு ஒருவரும் எதிரில்லை என்று தலைவர் கணக்குப் போட்டார்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். வட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு கூட்டத்துக்கும் வராதவள். "உங்கட ஆக்கள் அரை மணித்தியாலம் கதைக்காம இருப்பினமோ? நானும் வாறன். இதைப் பாக்காம செத்தா நான் மனுசியே இல்லை."

ஞாயிற்றுக்கிழமை அந்த மரக்கதிரையை என் காரின் பின் இருக்கையில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். கிழவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். தேவாலய மண்டபத்தின் நடு முன்னால், சபையைப் பார்த்தபடி அதை வைத்து, தள்ளி நின்று பார்த்து, விரலளவு இடப்பக்கம் நகர்த்தினார். பிறகு திரும்பவும் பழைய இடத்துக்கு நகர்த்தினார்.

சனம் வந்தது. வழக்கம்போல முதல் மூன்று வரிசை பிளாஸ்டிக் கதிரைகளைத் தாண்டிப் பின்னால் போய் நெருக்கியடித்து உட்கார்ந்தது. தலைவர் மைக்கில், "தயவுசெய்து முன்னுக்கு வாங்கோ, அங்க பின்னுக்கு என்ன விசேசம்?" என்று கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை. கிழவர் என் காதில், "அற்புதமான மக்கள்" என்றார்.

கதவோரத்தில், தடித்த ஜாக்கெட் போட்ட ஒருவர் தனியாக உட்கார்ந்தார். எல்லாக் கூட்டங்களுக்கும் இப்படி ஒருவர் வருவார். ஆள் மாறும், ஜாக்கெட் மாறாது. நாங்கள் அழைப்பதில்லை; இங்கே நடப்பதை யாரிடம் போய்ச் சொல்கிறார் என்று கேட்பதும் இல்லை. முடிந்ததும் பேச்சாளரிடம் வந்து, "நல்லாப் பேசினீங்கள்" என்பார். அதைக் கேட்ட பேச்சாளருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்காது. தலைவர் அவரைக் கண்டதும் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "தம்பி, ஆள் வந்திட்டுது" என்றார்.

விளக்கேற்றி, வரவேற்புரை முடிந்து, கிழவர் முன்னால் வந்தார். ஆங்கிலத்தில் இரண்டு வசனம்: "இந்தக் கதிரை ஒருவருக்கும் உரியதல்ல. மணி அடிக்கும்வரை நாம் இதைப் பார்ப்போம்." நான் தமிழில் சொன்னேன். அவர் முட்டை மணியைத் திருகி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுவரோரமாகப் போய் நின்றார்.

முதலில் இருமினார்கள். எங்கள் சனம் மௌனத்தை ஒரு தொண்டை நோயாகவே கருதுகிறது. பிறகு யாரோ ஒருவருடைய செல்போன் சினிமாப் பாட்டில் அலறியது. அவர் அதை நிறுத்துவதற்குப் பதில், "நான் ஒரு முக்கியமான கூட்டத்தில நிக்கிறன், ஒண்டும் நடக்கேல்லை, பிறகு எடுக்கிறன்" என்று விளக்கம் சொல்லிவிட்டு வைத்தார். ஒரு பெண் டொபி உறையைப் பிரித்தார். சத்தம் கேட்கக்கூடாதென்று மெதுவாகப் பிரித்ததால் அது நெடுநேரம் கேட்டது. எனக்குப் பின்னாலிருந்த ஒருவர் பக்கத்தவரிடம், "நல்ல மரம். தேக்கோ?" என்றார். "சீ, பைன்" என்றார் மற்றவர். அதோடு அந்த விவாதமும் முடிந்தது.

பிறகு, எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, இருமல் நின்றது. ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை. எல்லோரும் கதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். திரும்பவும் கழற்றினாள். ஒரு பின்னேரம் சைக்கிளில் கடைக்குப் போய்த் திரும்பி வராத தம்பி ஒருவன் அவளுக்கு இருந்தான். கிழவர் மூச்சையே பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

அப்போது கதவு திறந்து புரவலர் வந்தார்.

புரவலரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். மண்டப வாடகையும் வடை, றோல்ஸ் செலவும் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை கடையில் சனம் குறைந்த பிறகுதான் வருவார். வந்ததும் கூட்டம் நிற்கும், அவர் முன்னால் அழைத்துச் செல்லப்படுவார், பிறகு கூட்டம் தொடரும். இது எங்கள் யாப்பில் எழுதப்படாத முதலாம் விதி.

தலைவருக்குப் பழக்கதோஷம். மௌனம், கலை, என் இரண்டு வாரப் பிரயத்தனம் எல்லாம் மறந்து, கை தானாகவே மைக்கைப் பிடித்தது. "எங்கள் புரவலர் ஐயா வருகை தந்திருக்கிறார்! ஐயா, முன்னுக்கு வாங்கோ, முன்னுக்கு வாங்கோ!"

புரவலர் கைகூப்பிக்கொண்டு நடுவழியால் வந்தார். முன்னால் தனியாக, மற்றவற்றைப்போல் பிளாஸ்டிக் இல்லாமல், சபையைப் பார்த்தபடி ஒரு மரக்கதிரை. அது யாருக்கென்று அவர் ஒரு கணமும் சந்தேகப்படவில்லை. அவரிடத்தில் நானாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். கிழவர் கண்களை மூடிக்கொண்டார். நான் எழுந்தேன். ஓட வேண்டும் என்று மூளை சொன்னது. வாடகை யார் கட்டுவது என்று கால் கேட்டது. புரவலர் வேட்டியைச் சரிசெய்து, முழங்காலை மடித்து, பாதி குனிந்துவிட்டார்.

"இருக்காதேங்கோ!"

மண்டபமே அதிர்ந்தது. கத்தியது என் மனைவி. எழுந்து நின்று, கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் நனைந்திருக்க, "அதில ஒருத்தரும் இருக்கக் கூடாது!" என்றாள்.

புரவலர் பாதிக் குனிந்த நிலையிலேயே நின்றார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். தலைவர் ஓடிப்போய் முன்வரிசைப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆனால் மரக்கதிரையிலிருந்து பிளாஸ்டிக்குக்கு இறங்க அவர் என்ன வழிப்போக்கரா?

"பரவாயில்லை" என்றார் புரவலர். "நான் நிக்கிறன்."

அந்தப் 'பரவாயில்லை'யைக் கேட்டவர்களுக்கு மட்டும் விளங்கும், அடுத்த மாதம் றோல்ஸ் இல்லை என்று. புரவலர் நிற்கும்போது தலைவர் இருக்க முடியுமா? தலைவர் நின்றார். தலைவர் நின்றதும் செயற்குழு எழுந்தது. இரண்டு பெரியவர்களும் செயற்குழுவும் நிற்க, மற்றவர்கள் உட்கார்ந்திருந்தால் நாளைக்கு ஊரில் என்ன கதைப்பார்கள்? கதிரைகள் கிறீச்சிட்டன. ஒவ்வொரு வரிசையாக முழு மண்டபமும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வெறுங்கதிரைக்கு முன்னால் அசையாமல் நின்றது.

நான் கிழவரைப் பார்த்தேன். அவர் முகம் அரசாங்கப் பெயின்ற் நிறத்துக்கு வந்திருந்தது. எந்தக் காட்சிக்கு எதிராக அவர் வாழ்நாள் முழுவதும் போராடினாரோ, அதையே நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒத்திகையும் இல்லாமல், மிகத் திறமையாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தோம். சிவப்புத் துணி ஒன்றுதான் குறை.

அவருடைய சட்டைப்பையில் முட்டை மணி அடித்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. கைதட்டுவது யாருக்கு எதிராகப் போகும் என்று தெரியாததால் இருக்கலாம். கிழவர் மணியை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"ஒருவரும் உட்காரவில்லை" என்றார்.

"ஒருவரும் உட்காரவில்லை" என்றேன் நானும். மற்றதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பிறகு அவர் கண் மண்டபத்தின் கடைசிக்குப் போய் நின்றது. "அந்த மனிதர் யார்?"

கதவோரத்தில் ஜாக்கெட்காரர் மட்டும் உட்கார்ந்திருந்தார். முழுச் சபையும் எழுந்தபோது எழாத ஒரே ஆள்.

"அவர்... எல்லாக் கூட்டத்துக்கும் வருவார்" என்றேன்.

கிழவர் நேரே அவரிடம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கிழவர் ஜாக்கெட்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சொல்லுங்கள். எங்கள் நாட்டில் எல்லோரும் எழுந்து நின்றபோது உட்கார்ந்திருக்கத் துணிந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

நான் மொழிபெயர்த்தேன். "ஐயா உங்களுக்கு நன்றி சொல்லுறார். எழும்பாமல் இருந்ததுக்கு."

ஜாக்கெட்காரர் கலவரப்பட்டுப்போனார். அவரை யாரும் இப்படிக் கையைப் பிடித்திருக்க மாட்டார்கள். "எனக்கு முழங்கால் ஒப்பரேசன் செய்தது. டக்கெண்டு எழும்ப ஏலாது. அதைச் சொல்லுங்கோ, மரியாதை இல்லாம இருந்தனான் எண்டு நினைக்கப் போறார்."

மொழிபெயர்ப்பாளனின் வாழ்க்கையில் சில கணங்கள் வரும். "அவருக்கு வேறு வழி இருக்கவில்லையாம்" என்றேன் ஆங்கிலத்தில்.

கிழவர் கண் கலங்கிவிட்டது. "துணிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார்.

அன்றைக்குக் கிழவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைத் தவிர்க்க முடியாது. வீட்டுக்குப் புறப்படும்போது, கதிரையை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார். அதன் வேலை முடிந்துவிட்டதாம். காரில் மூன்று தடவை, "ஒருவரும் உட்காரவில்லை" என்று சொல்லிக்கொண்டார். பின் இருக்கையில் மனைவி, "நான் விட்டால்தானே" என்று ஒரு தடவை சொன்னாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் மண்டபத்துக்குப் போனால், முன்னால் நடுவில் அந்தக் கதிரை. தலைவர் தன் காரில் கொண்டுவந்திருந்தார். "போன முறை நல்ல எடுப்பா இருந்தது, தம்பி. புரவலருக்கும் கோவம் ஆறிட்டுது. 'ஒருத்தரும் இருக்கக் கூடாதெண்டால் எனக்கும் பிரச்சினை இல்லை, வேற ஆரும் இருக்காமப் பாருங்கோ' எண்டவர்." அதற்கடுத்த மாதம் அதில் தூசு படாமல் ஒரு பொன்னாடை விரித்திருந்தது. நிறம் சிவப்பு. கடையில் அதுதான் இருந்ததாம். பிறகு விளக்கை அதற்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். புதிதாக வந்த ஒருவர் தெரியாமல் கைப்பையை அதில் வைக்க, இரண்டு பேர் பாய்ந்து எடுத்தார்கள். "அது ஆருக்கு?" என்று அவர் கேட்டார். "ஒருத்தருக்கும் இல்லை. ஆனா மரியாதை குடுக்க வேணும்" என்று தலைவர் விளக்கினார். ஒரு பேச்சாளர், "தலைவர் அவர்களே, புரவலர் அவர்களே, முன்னால் வீற்றிருக்கும் வெற்றிருக்கைக்கு என் சிரந்தாழ்ந்த வணக்கம்" என்று தொடங்கினார். எட்மண்டனிலிருந்து ஒரு சங்கம் தங்கள் ஆண்டுவிழாவுக்குக் கதிரையை இரவல் கேட்டது. செயற்குழு கூடி மறுத்தது. "அவையும் தங்களுக்கெண்டு ஒண்டைச் செய்யட்டும்" என்பது தீர்மானம். செயலாளர் என்ற முறையில் கையொப்பமிட்டது நான்.

கிழவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. படிக்கட்டில் அவர் காலடி கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். ஒருநாள் வேலையால் வந்தபோது அவர் எங்கள் சமையலறையில் மனைவியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் முறுக்கு. மனைவி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள்.

"துணி விரித்திருக்கிறார்களா?" என்றார் கிழவர்.

"ஓம்... ஆமாம்."

"என்ன நிறம்?"

நான் முறுக்கைப் பார்த்தேன்.

"அடுத்த கூட்டம் எப்போது?" என்றார்.

கழுத்துப்பட்டி இல்லாமல், செருப்போடு வந்தார். அன்றைக்குப் பேச்சாளர் ஓர் இளம் வைத்தியர். நீரிழிவு பற்றிப் பேச வந்தவர். எங்கள் இலக்கியக் கூட்டங்களில் அந்தத் தலைப்புக்குத்தான் இப்போதெல்லாம் சனம் சேரும். விளக்கு எரிந்தது. எல்லோரும் எழுந்து கதிரையைப் பார்த்து நின்றோம்; அது எந்த மாதத்தில் வழக்கமானது என்று எனக்கு நினைவில்லை. கிழவர் நடுவழியால் நடந்து போய், பொன்னாடையை எடுத்து, நான்காக மடித்து, தலைவரின் கையில் கொடுத்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்க யாரையும் இருக்கவிடாமல் காத்த இடத்தில், இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, முழுப் பாரத்தோடு.

தலைவர் பொன்னாடையோடு என்னிடம் ஓடிவந்தார்.

"தம்பி" என்றார் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "எழும்பச் சொல்லும். அது ஒதுக்கின கதிரை எண்டு சொல்லும்."

நான் சொன்னேன்.

"என் வீட்டில் இரண்டு கதிரைதான் இருந்தது" என்றார் கிழவர். "இப்போது யாராவது வந்தால் ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கு இதைக் கொண்டுபோகப் போகிறேன். கூட்டம் முடியும்வரை இருந்து பார்க்கலாம், ஆடுகிறதா என்று."

இதை எப்படித் தமிழில் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, முதலில் உட்கார்ந்தவள் என் மனைவி. "நல்ல காலம், எனக்குக் கால் உளையுது" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு அங்கொருவர் இங்கொருவராக இருந்தார்கள். தலைவர் மடித்த பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை யாருக்குப் போர்ப்பது என்று தெரியாமல் கடைசியாக உட்கார்ந்தார்.

இளம் வைத்தியர் மைக்குக்கு முன்னால் வந்தார். விளிக்க வேண்டிய வரிசையை எழுதி வைத்திருந்தார் போலும். தாளைப் பார்த்தார், கதிரையில் இருந்த வெள்ளைக்காரரைப் பார்த்தார், அவரை எங்கே சேர்ப்பதென்று விளங்காமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் நேரா விசயத்துக்கு வாறன்" என்றார்.

எங்கள் வட்டத்தில் அப்படி ஒரு பேச்சு அதற்கு முன் தொடங்கியதில்லை. கிழவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. இன்சுலின் வருவதற்கு முன்பே, தலை ஒருபக்கம் சரிய, வாயைத் திறந்தபடி அவர் நித்திரையாகிப்போனார்.